குளிர்ந்த காப்பிக்கொட்டைக்கு நான்கெல்லை

ஜூன் 12, வியாழன்

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. பதினோரு பக்கம், எல்லாம் ஆங்கிலம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் என் துறை என்பதால், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் அகராதியோடு உட்கார்ந்துவிட்டேன்.

பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகிறவர்களுக்காக (பெரும்பாலும் நான்தான்) சில விவரங்களை எழுதிவைக்கிறேன். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை. கடை அம்மாவுடையது. மழைக்காலத்தில் வறுத்த கொட்டை இரண்டே நாளில் வாசம் போய்விடுகிறது என்று அம்மா ஒரு பழைய பிரிட்ஜைப் பிரித்து, இயந்திரம் ஒன்று செய்தார். கொட்டை உள்ளே குளிரில் இருக்கும். பிடியை இழுத்தால் ஒரு அளவு மட்டும் வெளியே விழும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். குளிர்ந்த கொட்டை வெளிக்காற்றில் வந்து விழுந்தவுடன் அதற்கு வியர்த்துவிடும். ஈரக் கொட்டையை அரைத்தால் சேறு. அம்மாவின் இயந்திரத்தில் மட்டும் கொட்டைக்கு வியர்க்காது. நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்கு மேல்கதவு ஒன்று, கீழ்க்கதவு ஒன்று. கொட்டை குளிரிலிருந்து அந்தப் பெட்டிக்குள் விழும், மேல்கதவு மூடும். இரண்டு கதவும் சாத்திய நிலையில் கொட்டை சற்று நேரம் காத்திருந்து, வெளியே இருக்கும் சூட்டுக்குப் பழகும். பிறகுதான் கீழ்க்கதவு திறக்கும்.

இதற்குக் காப்புரிமை கேட்டுத்தான் சென்னை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டோம். அதை எழுதியவர் அப்பா. அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். "எழுதறதுதானே, நானே எழுதிர்றேன்" என்றார். அப்பாவுக்கு எழுதத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. அதனால் விண்ணப்பம் இப்படி இருந்தது:

"மேற்படி இயந்திரத்துக்கு நான்கெல்லையாவது: மோட்டாருக்கு மேற்கு, கொட்டைத் தொட்டிக்குத் தெற்கு, குளிர்ச்சுருளுக்குக் கிழக்கு, அரைக்கும் மிஷினுக்கு வடக்கு. இதற்குட்பட்ட இடைப்பெட்டி ஒன்றும், அதைச் சேர்ந்த கதவு இரண்டும், காற்று வெளிச்சம் வழிநடை பாத்தியங்கள் சகிதம். யாதொரு வில்லங்கமும் இல்லை."

ஆங்கிலத்தில் பெயர்த்தவள் நான். ஒரு சொல்லும் விடவில்லை.

இப்போது ஆய்வாளர் எழுதியிருப்பதன் சுருக்கம்: கிழக்கு மேற்கு என்பது தெளிவில்லை, ஏனென்றால் இயந்திரத்தைத் திருப்பி வைத்தால் எல்லை மாறிவிடும். வழிநடை பாத்தியம் என்பது தொழில்நுட்பக் கூறு அல்ல. வில்லங்கம் இல்லை என்பதை இந்த அலுவலகம் சோதிக்க இயலாது. கடைசியாக, முக்கியமானது: ஜப்பானில் ஒருவர் அரிசி அளந்து கொட்டும் பெட்டி செய்திருக்கிறார். ஜெர்மனியில் ஒருவர் ஐஸ்கட்டி தள்ளும் குளிர்பெட்டி செய்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இயந்திரம், அத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்குத் தானாகவே தோன்றக்கூடியது. ஆகவே கண்டுபிடிப்பு ஆகாது. ஆறு மாதத்துக்குள் பதில் சொல்லவும்.

அப்பாவுக்கு வலித்தது முதல் குற்றச்சாட்டுதான். "இருபத்தஞ்சு வருசமா நான் எழுதின எல்லைய ஒருத்தன் தெளிவில்லைன்னு சொன்னதில்ல கண்ணு" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் அம்மா வறுக்கும் உருளையைச் சுற்றிக்கொண்டே கடிதத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

"இதுல 'தண்டபாணி அண்ட் அதர்ஸ்'னு போட்டிருக்குதே. அந்த அதர்ஸ் யாரு?"

"நீங்கதாம்மா. அப்பா 'தண்டபாணி வகையறா'ன்னு எழுதினாரு. வகையறாவுக்கு அகராதில அப்படித்தான் இருக்கு."

அம்மா உருளையைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினார்.

"சரி. வகையறா போயி சட்னி அரைக்கட்டும்."

அப்பா தோசைத் தட்டோடு வந்தார். "அது வழக்கம் மரகதம். குடும்பச் சொத்துன்னா அப்படித்தான் எழுதறது. கடை, கரண்டு, கேஸ் சிலிண்டரு எல்லாம் காகிதத்துல என்ற பேர்ல அப்படித்தான இருக்குது?"

"இது கடையில்லீங்க. நான் யோசிச்சது."

"யாரு இல்லைன்னா? ஆனா அந்தாபீசர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குதில்ல? ஜப்பான்காரன் பொட்டி, ஜெர்மன்காரன் குளிரு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தா…"

அந்த வாக்கியத்தை அப்பா முடிக்கவில்லை. இன்று சட்னியில் பச்சை மிளகாய் அதிகம்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் ஒரு புதிய ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் சொல்ல வேண்டியதை என் வழியாகச் சொல்கிறார்கள். இதைச் சண்டை என்று சொல்ல முடியாது. அலுவல் முறை என்று சொல்லலாம்.

"உங்கப்பங்கிட்ட சொல்லு, தண்ணி வருது, மோட்டாரப் போடச் சொல்லு."

அப்பா கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். நான் திரும்பி, "அப்பா, தண்ணீர் வருகிறதாம், மோட்டாரைப் போட வேண்டுமாம்" என்கிறேன். அப்பா, "போட்டாச்சுன்னு சொல்லு" என்கிறார். பொருள் மாறாமல் கொண்டுசேர்ப்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் கடமை என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் அம்மா "அந்த மனுசன்" என்று சொல்வதை மட்டும் "நீங்கள்" என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா இரண்டு நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார். "அந்தச் சாதாரணத் தேர்ச்சி உள்ளவன் எந்த ஊரு? அவனுக்குத் தோணும்னு இந்தாபீசருக்கு எப்படித் தெரியும்?"

பள்ளி நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து விளக்கினேன். "அப்படி நிஜமா யாரும் இல்லைம்மா. சட்டம் கற்பனையா வச்சிருக்கற ஆள். அவர் துறையில இருக்கற எல்லாத்தையும் படிச்சிருப்பார். எல்லாம் தெரியும். ஆனா சொந்தமாப் புதுசா ஒண்ணும் தோணாது."

அம்மா அப்பா இருந்த திசையைப் பார்த்தார். "அப்படி ஒருத்தரு இருக்கறாரே."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

ஆனால் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு என்னிடம், ஆனால் அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "இல்லாத ஆள வெச்சு ஒரு கவர்மென்ட் ஆபீசு சாட்சி எடுக்காது. சாட்சின்னா ஆள் வேணும். அப்பன் பேரு வேணும், கதவு நம்பர் வேணும். அந்தாபீசர் ஆளக் காட்டல. நாம காட்டிருவோம். அவனக் கொண்டாந்து உக்கார வெச்சு, தோணுதான்னு பார்த்துருவோம். தோணலைன்னா கேஸு நம்ம பக்கம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அம்மா, "தோணுச்சுன்னா?" என்று கேட்கச் சொன்னார்.

அப்பா பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஆள் தேடப் புறப்பட்டார்.

ஜூன் 21, சனி

ஆள் கிடைத்துவிட்டார். பெயர் செபாஸ்டின். ஐஸ்கிரீம் கடைகளுக்குக் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர். எங்கள் கடையில் தினமும் பொடி வாங்கி, இங்கேயே நின்று ஒரு காப்பியும் குடிப்பார். ஆகவே குளிரும் தெரியும், காப்பியும் தெரியும். அம்மாவின் இயந்திரத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

அப்பா அவரை நேர்காணல் செய்தார்.

"ஏனுங்க செபாஸ்டின், வேலைல புதுசா ஏதாச்சும் யோசன பண்ணுவீங்களா?"

"சேச்சே, இல்லீங்ணா. கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே மாட்டிக் குடுத்துருவேன்."

"ஒண்ணுகூடத் தோணாதா?"

"சத்தியமா இல்லீங்ணா. என்ன, யாராச்சும் புகார் சொன்னாங்களா?"

அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செபாஸ்டினுக்குக் கடையை ஒட்டிய முன்னறை ஒதுக்கப்பட்டது. ஒரு பழைய பிரிட்ஜ், ஒரு சாக்குச் சிப்பம் கொட்டை, ஜப்பான் படம், ஜெர்மன் படம். வேலை முடிந்த பிறகு மாலையில் வந்து யோசிக்க வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: குளிர்ந்த கொட்டை வியர்க்காமல் வெளியே வர வேண்டும். அம்மாவின் இயந்திரத்தைப் போர்வையால் மூடி நான்கு மூலையிலும் கயிறு கட்டினார் அப்பா. யாரும் செபாஸ்டினுக்கு வாய் திறந்து எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. "சாட்சியக் கலைச்சா கேஸு போச்சு."

ஜூன் 23, திங்கள்

செபாஸ்டினுக்கு முதலில் தோன்றியது: மின்விசிறி. கொட்டை கடை முழுக்கப் பறந்தது. பொறுக்குவது என் வேலையாயிற்று. நாளை கணிதத் தேர்வு.

ஜூன் 25, புதன்

இரண்டாவது: கொட்டையோடு அரிசியைக் கலந்துவிட்டால் அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்தது. பிறகு இரண்டையும் பிரிக்க முடியவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அதைத் தவறுதலாக அரைத்துக் கொடுத்துவிட்டோம். அவர் திரும்பி வந்து, "ஏம்மா, இது காப்பியா, கஞ்சியா?" என்று கேட்டார்.

ஜூன் 28, சனி

மூன்றாவது: தலைமுடி உலர்த்தும் இயந்திரம். ஈரம் போயிற்று. குளிரும் போயிற்று. கொட்டை இன்னொரு முறை வறுபட்டது.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் பொடியை வாங்கிய பிறகும் போவதில்லை. சன்னல் வழியாகச் செபாஸ்டினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "விடாத செபாஸ்டின்!" என்கிறார் ஒருவர். "அந்தக் குழாயத் திருப்பிப் பாருப்பா" என்றார் இன்னொருவர். அப்பா ஓடிவந்து அவருக்குச் சட்ட விளக்கம் கொடுத்து வெளியே அனுப்பினார்.

அம்மாதான் பாவம். அரைக்கும் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, செபாஸ்டின் தப்பாக ஒன்றைத் தொடும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறார். "உங்கப்பங்கிட்ட சொல்லு, கண்ணு முன்னால ஒருத்தன் முட்டிட்டு நிக்கறதப் பார்த்துட்டு இருக்க முடியலைன்னு." நான் சொன்னேன். அப்பா, "இன்னும் கொஞ்சம் முட்டட்டும்னு சொல்லு" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

வெற்றி! செபாஸ்டின் இன்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, இது ஆகற காரியமில்லீங்க. பேசாம கொட்டைய வெளிய வெச்சே வித்துருங்க" என்றார்.

அப்பா தயாராக வைத்திருந்த முத்திரைத்தாளை எடுத்தார். நான் எழுத, அவர் சொன்னார்: "அந்தோணி மகன் செபாஸ்டின் ஆகிய நான், குளிர்பெட்டித் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவன். மேற்படி இயந்திரம் எனக்குத் தோன்றவில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன்."

செபாஸ்டின் வாசித்தார். பேனாவை மூடினார்.

"அதென்னுங்ணா, சாதாரணம்?"

"அது சட்டத்துல இருக்கற வார்த்தை."

"அவினாசி ரோட்டுல இருந்து சூலூர் வரைக்கும் யாரு கடைல பெட்டி நின்னாலும் எனக்குத்தான் போன் வரும். நான் சாதாரணமா?"

"உங்களச் சொல்லலீங்க. சட்டப்படி நீங்க சாதாரணமா இருந்தாத்தான் எங்களுக்கு…"

"அப்பிடின்னா, எனக்குத் தோணாதுன்னு தெரிஞ்சுதான் என்னையக் கூப்பிட்டீங்களா?"

செபாஸ்டின் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். காப்பியும் குடிக்கவில்லை.

ஜூலை 5, சனி

யோசித்துப் பார்த்தேன். "அசாதாரணத் தேர்ச்சி உள்ளவன்" என்று எழுதினால் என்ன? அசாதாரணமானவருக்கே தோன்றவில்லை என்றால் சாதாரணமானவருக்குத் தோன்றாது என்பது இன்னும் உறுதியாகிறது. அப்பாவிடம் சொன்னேன். "தர்க்கம் சரி கண்ணு. ஆனா வாசகத்த மாத்துனா பத்திரம் செல்லாது" என்றார்.

சாட்சி இல்லாமலே பதில் அனுப்பினோம். கிழக்கு மேற்கை எடுத்துவிட்டு மேல் கீழ் என்று போட்டோம். அப்பாவுக்கு அது பத்திரமாகவே தோன்றவில்லையாம்.

ஜூலை 13, ஞாயிறு

செபாஸ்டின் தன் கருவிகளை எடுத்துப்போக வந்தார். அப்பா அப்போது கடைவீதிக்குப் போயிருந்தார். அம்மா அவரை வாசலில் நிறுத்திக் காப்பி கொடுத்தார். பிறகு வெளிக்கேட்டைத் திறந்து உள்ளே வந்து, அதைச் சாத்திவிட்டு, கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் சற்றுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். செபாஸ்டின் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மறுபடியும் வெளியே வந்து அதையே செய்துகாட்டினார்.

நாய் உள்ளே வராமல் எப்படிக் கேட்டைச் சாத்துவது என்று விளக்கியிருப்பார் என்று எழுதிவைக்கிறேன்.

எங்கள் தெருவில் நாய் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்பாவுக்குச் சளி. அம்மா கஷாயம் வைத்து என்னிடம் கொடுத்து, "அந்த மனுசனுக்கு" என்றார். நான் "உங்களுக்கு" என்று கொடுத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

விசாரணைக்கு நாள் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். கணினித் திரை வழியாகவாம்.

செப்டம்பர் 24, புதன்

பள்ளிக்கு விடுப்பு. காரணம் என்ற இடத்தில் "மொழிபெயர்ப்புப் பணி" என்று எழுதிக் கொடுத்தேன்.

கணினியைக் காப்பித்தூள் டின் மேல் வைத்தோம். அப்பா வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அம்மா கணினி முன்னால் உட்கார மறுத்துவிட்டார். "வகையறாவுக்கு நாற்காலி எதுக்குன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, திரையில் தெரியாதபடி ஓரமாகக் கொட்டைச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். போர்வை நீக்கிய இயந்திரம் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

திரையில் வந்த அதிகாரி ஒரு பெண். என் ஆங்கிலத்தை இரண்டு வாக்கியம் கேட்டார். பிறகு, "தமிழ்லயே பேசலாம், நான் பதிவு பண்ணும்போது மாத்திக்கறேன்" என்றார். இத்தனை மாதம் படித்த சொற்களெல்லாம் வீண்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி," என்றார் அதிகாரி. "இந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தருக்கு இது தானாத் தோணாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அப்பா எழுந்து நின்றார். எழுந்ததும் திரையில் அவருடைய வயிறு மட்டும் தெரிந்தது. "அம்மணி, ஒரு ஆளக் கொண்டாந்து வெச்சே பார்த்துட்டோமுங்க."

"என்ன பார்த்தீங்க?"

"துறை தெரிஞ்ச ஆளுங்க. முன்னறைல உக்கார வெச்சு, ரெண்டு படத்தையும் கையில குடுத்து, யோசிங்கன்னு விட்டுட்டோம். அவருக்குத் தோணலீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நிஜமாவே ஒரு ஆள… இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரும் அவரக் கூட்டிட்டு வந்ததில்ல சார்."

"நாங்க கூட்டிட்டு வந்தோமுங்க" என்றார் அப்பா பெருமையாக.

அந்த நேரத்தில் கடைக் கதவு திறந்தது. செபாஸ்டின். கையில் ஒரு பிஸ்கட் டின், அதில் இரண்டு தகரக் கதவு. "அண்ணா! எனக்குத் தோணிருச்சுங்ணா!"

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கணினியை மூடிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதிகாரி, "அவர முன்னால வரச் சொல்லுங்க" என்றார்.

செபாஸ்டின் டின்னைக் காமிரா முன்னால் பிடித்து மேல்கதவைத் திறந்தார், மூடினார், கீழ்க்கதவைத் திறந்தார். "நடுவுல ஒரு ரூமு மேடம். அவ்வளவுதான். ரொம்பச் சுலபம். இதுக்குப் போயி என்னையச் சாதாரணம்னு எழுதிட்டாரு."

"இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"அக்கா சொன்னாங்க."

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். ஓரத்தில் சிப்பத்தின் மேல் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடி என்ன தோணுச்சு?"

செபாஸ்டின் கொஞ்சம் நெளிந்தார். "முன்னாடிங்களா… அரிசி. அப்புறம், முடி காய வெக்கற மிஷினு."

அதிகாரி வெகுநேரம் எதையோ எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "சொன்னதுக்கு அப்புறம் சுலபமாத் தெரியறது வேற. சொல்றதுக்கு முன்னாடி தோணறது வேற. சொன்னப்புறம் பார்த்துட்டு, 'இது யாருக்கும் தோணுமே'ன்னு நாங்க முடிவு பண்ணக் கூடாது. சரி. அந்த அக்கா யாரு?"

செபாஸ்டின் டின்னோடு சிப்பத்தின் பக்கம் திரும்பினார்.

"விண்ணப்பத்துல தண்டபாணி அண்ட் அதர்ஸ்னு இருக்கு. கண்டுபிடிச்சவர் பெயர் தெளிவா வேணும். அந்த அதர்ஸ் எத்தனை பேர்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மறுபடி எழுந்தார். இந்த முறை குனிந்து, முகம் தெரியும்படி நின்றார்.

"ஒரே ஆளுதானுங்க. பத்திரத்துக்கு அடியில 'எழுதியது'ன்னு ஒரு வரி போடுவோம். சொத்து அவனோடதில்லீங்க, எழுதினவன் அவ்வளவுதான். அந்த வரிதானுங்க நான். என்ற பேர எடுத்துருங்க. செஞ்சது இவங்க."

அம்மாவை "இவங்க" என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நாற்காலியை விட்டு விலகிச் சிப்பத்தின் பக்கம் கையைக் காட்டினார். "வா மரகதம்" என்றார். என் வழியாக இல்லை.

அம்மா வந்து உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"இந்த நடுப்பெட்டி யோசனை உங்களுக்கு எப்படிங்க வந்தது?" என்று அதிகாரி கேட்டார். அந்தக் குரல் விசாரணைக் குரலாக இல்லை.

"இவ கண்ணாடிங்க" என்று அம்மா என்னைக் காட்டினார். "தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனா, ஏசி கடைய விட்டு வெளிய வர்றப்பல்லாம் இவளுக்குக் கண்ணாடி மூடிக்கும். ஒண்ணும் தெரியாம என்ற கையப் புடிச்சுட்டு நிப்பா. ஒருவாட்டி நல்ல மழைங்க. கடை வாசல்ல ரெண்டு கதவு. உள்கதவச் சாத்திட்டாங்க, வெளிக்கதவு திறக்கல. நடுவுல கொஞ்சம் நேரம் நின்னோம். அப்புறம் வெளிய வந்தா, கண்ணாடி மூடவேயில்லை. எல்லாரும் பைய எண்ணிட்டிருந்தாங்க. நான் இவ கண்ணாடியையே பார்த்துட்டு நின்னேன்."

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. அம்மா ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று புரியாமல், முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டேன்.

"ஜப்பான் படம் பார்க்கலையா?"

"ஜப்பானுக்கு எங்கீங்க போறது?"

அதிகாரி சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டு, பெயர் திருத்தத்துக்கு ஒரு மனு அனுப்பச் சொல்லி விசாரணையை முடித்தார்.

செபாஸ்டின் டின்னோடு அப்படியே நின்றிருந்தார். "அண்ணா, நான் கெடுத்துட்டனா, காப்பாத்திட்டனா?"

"எனக்கும் தெரியலீங்க" என்றார் அப்பா.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் அப்பா, "மரகதம், மோட்டாரப் போட்டுட்டேன்" என்றார். அம்மா, "கேட்டுச்சுங்க" என்றார். நான் நடுவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

காப்புரிமை கிடைத்துவிட்டது! அச்செடுத்துக் கொடுத்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வெச்சு என்ன செய்யலாம் கண்ணு?" என்று கேட்டார்.

"வேற யாரும் இதைச் செய்யக் கூடாதுன்னு நீங்க தடுக்கலாம்."

"யாரு செய்யறாங்க?"

"யாரும் இல்லை."

அம்மாவின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒருவர் செய்துவிட்டார்!

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியில், இழுத்தால் குளிர்ந்த கொட்டை விழும் இயந்திரம் இருப்பதாகக் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். செய்து கொடுத்தவர் செபாஸ்டின். அப்பா துள்ளி எழுந்தார். "ஆக்கிரமிப்பு! மரகதம், இது சுத்தமான ஆக்கிரமிப்பு!" இவ்வளவு மகிழ்ச்சியாக அவரைப் பார்த்து வெகுநாளாயிற்று. அம்மா உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு மூவரும் பேருந்தில் போனோம். கல்யாண வீடா என்று நடத்துநர் கேட்டார். அம்மா, "இல்லீங்க, சண்டை" என்றார்.

பேக்கரி நிறையக் கூட்டம். நடுவில் பச்சை நிறத்தில் அந்த இயந்திரம். பக்கத்திலேயே செபாஸ்டின், திருகாணியைக் கடித்தபடி. எங்களைப் பார்த்ததும் திருகாணி கீழே விழுந்தது.

"அக்கா… நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. தப்புங்களா?"

அம்மா பிடியை இழுத்தார். மேல்கதவு சத்தம் கேட்டது. காத்திருந்தார். கீழ்க்கதவு சத்தம் கேட்டது. விழுந்த கொட்டையில் ஒன்றை எடுத்துக் கடித்தார். பேக்கரியே அவர் வாயைப் பார்த்தது.

"ஈரமில்லை" என்றார். பிறகு குனிந்து கீழ்க்கதவைத் தடவினார். "இதென்ன, ஓரத்துல ரப்பர்?"

"காத்து புகாம இருக்கட்டும்னுங்க. அது… எனக்கே தானா தோணுச்சுங்கா."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நல்லா இருக்குது செபாஸ்டின்."

செபாஸ்டினுக்குக் கண் கலங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் குனிந்து திருகாணியைத் தேடினார்.

பேக்கரிக்காரர் கும்பிட்டபடி வந்தார். "அம்மிணி, மிஷின எடுத்துருவீங்களா? இப்பத்தான் கூட்டம் சேருது."

"ஓடட்டுமுங்க. ஆனா பேரு எழுதோணும். இதுலயும், இனி இவரு செய்யறது எல்லாத்துலயும்."

செபாஸ்டின் பையிலிருந்து வெள்ளைப் பெயின்டும் தூரிகையும் எடுத்தார். "என்னன்னு எழுதட்டுங்கா?"

"எழுதறவரு அவருதான்" என்று அம்மா அப்பாவைக் காட்டினார்.

அப்பா தொண்டையைச் செருமினார். தகப்பனார் பெயர், கணவர் பெயர், கதவு எண், தாலுகா, மேற்படி, மேற்படியார் எல்லாம் வரும் என்று நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அப்பா இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மரகதம்" என்றார்.

செபாஸ்டின் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"அவ்வளவுதானுங்களா? இனிஷியலாச்சும்?"

"அவ்வளவுதான்."

செபாஸ்டின் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பெயின்ட் காயும்வரை யாரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு அதன் முன்னால் நின்றுகொண்டார். காப்பி கேட்டு வந்த அத்தனை பேரும் காலி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஐந்து எழுத்தும் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பிக்குப் பதில் டீ போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை.